கோல் காப்பவன் இல்லாத ஆட்டம்

1992 மே 17, ஞாயிறு

பூசை முடிந்து நேரே பார்க்குக்குப் போனோம். எங்கள் பெடியளின் பந்தாட்டம் இரண்டு மணிக்கு என்றால் மூன்றரைக்குத்தான் ஆள் சேரும். அதுவரைக்கும் கோல் கம்பத்துக்குள் நின்று கொட்டாவி விடுவது என் வேலை. பக்கத்துக் கிரிக்கெட் மைதானத்தில் கொஞ்சம் வெள்ளைக்காரர் கை இல்லாத பெனியனும் கட்டைக் காற்சட்டையுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் பந்து முட்டை மாதிரி. உதைத்தால் எங்கே போகும் என்று உதைத்தவனுக்கே தெரியாது போல.

அது ஒருதரம் எங்கள் பக்கம் வந்தது, நல்ல உயரத்தில். நான் யோசிக்கவில்லை. இரண்டடி ஓடி, எம்பி, தலைக்கு மேலே பிடித்தேன். இறங்கும்போது என் முழங்கால் றமேசின் தோளில் பட்டு, "மச்சான், உமக்கென்ன விசரோ!" என்று கத்தினான். யூஜினியின் தம்பி அவன். அக்காவின் புருசன் என்றுகூடப் பார்க்க மாட்டான்.

தாடிக்காரன் ஒருவன் ஓடி வந்தான். கெவின் என்று பேர், அவுஸ்ரேலியன், இங்கே தச்சு வேலை செய்கிறான். இன்னொருதரம் பிடி என்று சைகை காட்டித் தூரத்தில் போய் உதைத்தான். பத்து உதைத்தான், பத்தும் பிடித்தேன். எங்கள் ஆட்டம் தொடங்கினபோது நான் அங்கே இல்லை. றமேசுக்குச் சரியான கோபம்.

மே 24, ஞாயிறு

இந்த அவுஸ்ரேலிய விளையாட்டில் கோல் காக்க ஆளே கிடையாது! ஒவ்வொரு பக்கமும் நான்கு கம்பம் நட்டிருக்கிறார்கள். வலை இல்லை, முன்னால் நிற்க ஒருவனும் இல்லை. அப்படியானால் நான் எங்கே நிற்பது என்று என் உடைந்த ஆங்கிலத்தில் கெவினிடம் கேட்டேன். எங்கேயும் நில் என்றான்.

உதைத்த பந்து நிலத்தில் படமுதல் பிடித்தால் அதற்குப் பேர் மார்க். பிடித்தவனை ஒருவரும் தொடக்கூடாது, ஆற அமர நின்று உதைக்கலாம். பிடிப்பதற்காக மற்றவன் முதுகில் ஏறினாலும் குற்றமில்லையாம். பந்தைக் கையால் எறியக்கூடாது, குத்தித்தான் கொடுக்கலாம். பதினொரு வருடம் கோல் காத்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்த ஊரில் இந்த ஆட்டம் தொடங்கியே இரண்டு மூன்று வருடம்தானாம். பதினெட்டுப் பேர் வேண்டிய அணியில் எங்களிடம் பதின்மூன்று பேர். பாதி அவுஸ்ரேலியர், மிச்சம் என்னைப் போல வழியில் அகப்பட்டவர்கள். விக்ரோறியா பார்க் அணி. அகஸ்ரின் என்று சொல்ல அவர்களுக்கு நாக்கு வளையவில்லை. கஸ் ஆக்கிவிட்டார்கள்.

யூன் 6, சனி

முதல் ஆட்டம். தோற்றுவிட்டோம். ஆனால் நான் ஏழு மார்க் பிடித்தேன். கரையில் இருந்து ஒரு கிழவி என் பேரைச் சொல்லிக் கத்தினாள். இந்த நாட்டுக்கு வந்து எட்டு மாதத்தில் என் பேரை யாரும் சந்தோசமாகச் சொல்லி நான் கேட்கவில்லை.

யூன் 11

மடு மாதா கோவில் அகதி முகாமிலிருந்து யூஜினியின் கடிதம். ஏப்ரிலில் போட்டது. முகாமில் மாதாவின் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறார்களாம். மகள் றெபேக்காவுக்கு இரண்டு வயதாகிவிட்டது. "அப்பா எங்கை" என்று கேட்டால் வானத்தைக் காட்டுகிறாளாம், நான் பிளேனில் போனேன் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததால். பார்க்கிற சனம் நான் செத்துவிட்டேன் என்று நினைத்துப் பாவப்படுகுதாம்.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அகதிக் கேஸ் வென்றால்தான் இருவரையும் கூப்பிடலாம். றமேசுக்குப் போன வருடமே கிடைத்துவிட்டது. எங்கள் அப்பாட்மென்றில் ஆறு பேர், எனக்கு மட்டும்தான் இன்னும் முடிவில்லை. இங்கே எங்கள் ஆட்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் கிடைக்கிறது என்கிறார்கள். அந்தக் கணக்கு எனக்கு ஆறுதலாக இல்லை, பயமாக இருக்கிறது.

யூன் 20, சனி

விசாரணை செப்ரெம்பர் 22 என்று கடிதம் வந்துவிட்டது. அஜின்கோர்ட் என்கிற பகுதிக்குப் போய் விநாயகமூர்த்தி அங்கிளைக் கண்டேன். ஊரில் கிளாக்கராக இருந்தவர். இங்கே பலசரக்குக் கடையின் பின்னறையில் இருந்து சனத்துக்குக் கேஸ் எழுதிக்கொடுக்கிறார். போன நவம்பரில் என் கேஸையும் அவர்தான் எழுதினார். இன்றைக்குப் பாடம் கேட்டார்.

"எப்ப பிடிச்சவங்கள்?"

"தொண்ணூறாம் ஆண்டு டிசம்பர் நாலு."

"எங்கை வைச்சு?"

"வீட்டிலை. விடியப்புறம் அஞ்சு மணி."

"எப்ப விட்டவங்கள்?"

"அடுத்த வருசம்... பெப்ரவரி ஒன்பது."

"யோசிக்கிறீர். யோசிக்காமல் வரவேணும் தம்பி. செபம் சொல்லுறமாதிரி வரவேணும். யோசிச்சால் பொய் எண்டு நினைப்பாங்கள்."

பொய்தானே அங்கிள், என்று மனதுக்குள் சொன்னேன். என்னை ஒருநாளும் எந்த ஆமி முகாமுக்கும் கொண்டுபோகவில்லை. நவம்பரில் முதல்முதல் அவரிடம் போனபோது என் தம்பி றெஜியின் கதையைத்தான் தொடங்கினேன். அவர் பேனையை மூடிவிட்டார். "தம்பியைப் பிடிச்சது தம்பியின்ரை கேஸ். அகதியாய் நிக்கிறது நீர். அப்ப உம்மையல்லோ பிடிச்சிருக்க வேணும்?" செத்தவனை எழுதினால் வீண் கேள்வி வரும் என்று, சகோதரர் என்ற இடத்தில் இல்லை என்று போட்டார்.

நல்ல மனிசன். எத்தனையோ பேரை இந்த மண்ணில் இருத்திவிட்டவர். அவர் பேனையை மூடியபோது எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. ஏன் என்று இங்கே எழுதவும் மனம் வரவில்லை.

யூலை 4, சனி

அடி பட்டது. எழுத்து ஆடுகிறது.

யூலை 5

மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நான் எம்பிப் பந்தைப் பிடித்தேனாம், பின்னாலிருந்து வந்தவனின் முழங்கால் காதுக்கு மேலே இடித்ததாம். விழுந்த பிறகும் பந்தை விடவில்லையாம். கெவின் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டான், சரியாகச் சொன்னேன், திரும்ப ஓடினேன். அதொன்றும் எனக்கு ஞாபகம் இல்லை. பிறகு றமேசின் சப்பாத்துக்குள் சத்தி எடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவன் இன்னும் கதைக்கவில்லை.

யூலை 9

தலையிடி விடவில்லை. வேலைக்குப் போகிற பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது, இரண்டு நாளும். மட்டைப்பெட்டி செய்கிற பக்ரறியில் மெசினின் பச்சைப் பொத்தான் எது, என்ன செய்யும் என்று ஒரு நிமிசம் தெரியவில்லை. டொக்டரிடம் போனால் வேலைக்கு விடமாட்டார், விளையாடவும் விடமாட்டார். போகவில்லை.

பெப்ரவரி ஒன்பதா, ஐந்தா? எழுதி வைத்த தாளைப் பார்த்துத்தான் சொன்னேன். ஒன்பது.

யூலை 19, ஞாயிறு

இதை ஒருதரம் எழுதிவிட வேண்டும். தலை இப்படியே போனால் இதுவும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. போனால் நல்லதுதானே என்று ஒரு மனம் சொல்கிறது. அந்த மனத்துக்கு ஓங்கி ஒன்று போட வேண்டும்.

1991 மார்ச். ஊர் மைதானத்தில் பின்னேரப் பயிற்சி. எனக்கு விரல் வீங்கி இருந்ததால் றெஜியைக் கம்பத்துக்குள் விட்டேன். அவனுக்குப் பத்தொன்பது வயது. என் பச்சை ஜேர்சியை, முதுகில் ஒன்றாம் நம்பர் உள்ளதை, ஒருநாளாவது போட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. போட்டான். கை நீளம், மடித்துவிட்டான்.

ஆமி மைதானத்தைச் சுற்றி வளைத்தது. எல்லோரையும் வரிசையில் விட்டார்கள். ஜீப்புக்குள் முகத்தைச் சாக்கால் மூடிய தலையாட்டி இருந்தான். ஒவ்வொருவராய் அவனுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். சாக்கு ஆடினால் அந்த ஆள் முடிந்தான். நான் போனேன், ஆடவில்லை. றெஜி போனான், ஆடியது.

அது றெஜிக்கு ஆடவில்லை. ஜேர்சிக்கு ஆடியது. அதுக்கு முந்தின மாதம் காயப்பட்ட இயக்கப் பெடியள் இரண்டு பேரை வள்ளத்தில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனது நான். கோல் காக்கிறவன்தான் கொண்டுபோனான் என்று யாரோ சொல்லியிருக்கிறான். மூஞ்சி தெரியாதவன், நம்பரைப் பார்த்து ஆட்டினான்.

றெஜி திரும்பி என்னைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. "அவன் இல்லை, நான்" எண்டு சொல்லியிருக்கலாம். மூண்டு சொல். நான் சொல்லேல்லை. வாய் வரேல்லை. அவனும் சொல்லேல்லையே, "இது அண்ணையின்ரை ஜேர்சி" எண்டு. மூண்டாம் நாள் கடற்கரையிலை கிடந்தான். பிறகு பிழையான ஆள் எண்டு தெரிஞ்சு என்னைத் தேடி வீட்டை வந்தவங்கள், அதுக்குள்ளை நான் மடுவுக்கு ஓடியிட்டன்.

யூஜினிக்குச் சொல்லவில்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 8, சனி

பதினான்கு மார்க்! இதுவரை எங்கள் அணியில் ஒருவனும் பிடிக்காத தொகை என்று கெவின் என்னைத் தோளில் தூக்கினான். அரையிறுதிக்கு வந்துவிட்டோம். அவுஸ்ரேலியாவில் பிறந்திருந்தால் உன்னைப் பள்ளிக்கூடத்திலேயே பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள் என்றான். அவனுக்கு முப்பத்தெட்டு வயது. ஊரில் பெரிய அணியில் ஆடக் கேட்டார்களாம், முழங்கால் உடைந்து முடிந்துவிட்டதாம். அதைச் சொல்லும்போது சிரித்தான், கண் சிரிக்கவில்லை.

ஏன் விடமுடியவில்லை என்று றமேஸ் கேட்கிறான். பந்து மேலே நிற்கிற நேரம் ஒன்றும் ஞாபகம் வருவதில்லை. மைதானமும் இல்லை, ஜீப்பும் இல்லை. அந்த இரண்டு செக்கனுக்காகத்தான் போகிறேன். இதை அவனுக்கு எப்படிச் சொல்வது? உடம்புக்கு நல்லது என்று சொன்னேன்.

செப்ரெம்பர் 11, வெள்ளி

நாளைக்கு இறுதி ஆட்டம். றமேஸ் சமையலறையில் வழியை மறித்துக்கொண்டு நின்றான்.

"பத்து நாள் கிடக்கு விசாரணைக்கு. நாளைக்குப் போகாதையும் மச்சான்."

"ஒரு ஆட்டம்தானே."

"அக்காவும் பிள்ளையும் முகாம் மண்ணிலை கிடக்குதுகள். நீர் முட்டைப் பந்துக்குப் பின்னாலை ஓடுறீர். வெக்கமாய் இல்லையோ?"

வெட்கமாக இருந்தது. போகமாட்டேன் என்று சொன்னேன்.

செப்ரெம்பர் 12, சனி

போனேன்.

செப்ரெம்பர் 15

வென்றோமாம். மேசையில் சின்ன வெள்ளிக் கிண்ணம் இருக்கிறது, என் பேரும் கீறியிருக்கிறார்கள். யாரோ விளையாடி வென்ற கிண்ணம் போல இருக்கிறது. கடைசி நேரம் இரண்டு பேரின் முதுகில் ஏறி மார்க் பிடித்து, தலைகீழாக விழுந்தேனாம். அந்த மார்க்கில்தான் வென்றோமாம். எழுப்பியபோது கெவினிடம் தமிழில் கதைத்தேனாம்.

வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. அங்கிளின் தாளைப் பத்துத்தரம் வாசித்தேன். நாலு, ஒன்பது. டிசம்பர், பெப்ரவரி. எழுத்து ஓடுகிறது.

செப்ரெம்பர் 19

றமேஸ் பாடம் கேட்டான். ஆறு கேள்வியில் நாலு பிழை. அவன் தாளை மேசையில் போட்டுவிட்டு பல்கனிக்குப் போய் நின்றான். என் கேஸுக்கு நிற்கிற லோயர் அம்மாவிடம் சொல்லித் தள்ளிப்போடலாம் என்றான். என்னவென்று சொல்வது? பொய்யை மறந்துவிட்டேன், பாடமாக்க இன்னும் நாள் தாருங்கள் என்றா?

செப்ரெம்பர் 22, செவ்வாய்

சின்ன அறை. எங்களுக்கு முன்னால் விசாரிக்கிற இரண்டு பேர், கண்ணாடி போட்ட ஆண் ஒருவரும் வயதான பெண்மணி ஒருவரும். இரண்டு பேரில் ஒருவர் நம்பினாலே போதும் என்று லோயர் சொல்லியிருந்தார். மொழிபெயர்க்க செல்வரட்ணம் என்று ஒருவர், நெற்றியில் திருநீறு, நல்ல தமிழ்.

டிசம்பர் நாலு சரியாக வந்தது. விடியப்புறம் அஞ்சு மணி வந்தது. எப்போது விட்டார்கள் என்று கேட்டார்கள். வெறுமை. வாயைத் திறந்தேன், "மார்ச்" என்று வந்தது. படிவத்தில் பெப்ரவரி என்று இருக்கிறதே என்றார்கள். "மார்ச்சிலை றெஜியைப் பிடிச்சவங்கள்" என்று சொல்லிவிட்டேன். சொல்ல நினைக்கவில்லை. தானாக வந்தது.

செல்வரட்ணம் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். கண்ணாடிக்காரர் தாளைப் புரட்டினார். றெஜி யார்?

"என்ரை தம்பி."

உமக்குச் சகோதரர் இல்லை என்று சத்தியம் செய்து எழுதியிருக்கிறீரே?

தாளைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் மட்டும்தான் இருந்தது. தாள் பிழைத்தால் நான் பிழைப்பேன் என்று. "தம்பி இல்லை. பிழையாய்ச் சொல்லிப்போட்டன். எனக்குத் தம்பி இல்லை" என்றேன். செல்வரட்ணம் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு அதையும் மொழிபெயர்த்தார்.

இரண்டாந்தரமும் அவனைக் கைவிட்டிட்டன். ரெண்டாந்தரம். நான் என்ன மனிசன்?

ஒக்ரோபர் 29

நிராகரித்துவிட்டார்கள், இரண்டு பேரும். நம்பத்தகுந்தவர் அல்ல என்று இருக்கிறதாம். றமேஸ் வாசித்துச் சொன்னான்.

யூஜினிக்கு இன்னும் எழுதவில்லை.

நவம்பர் 7, சனி

லோயர் கூப்பிட்டார். நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் தன்னிடம் ஒன்றும் ஒளிக்கக்கூடாது, அந்தத் தம்பி யார் என்று கேட்டார். ஆங்கிலம் சொல்ல றமேஸ் பக்கத்தில் இருந்தான். அவனை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதாது.

சொன்னேன். மைதானம், ஜேர்சி, சாக்கு. றமேஸ் ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தான். "நான் வாய் திறக்கேல்லை" என்ற இடத்தில் நின்றுவிட்டான். லோயர் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு றமேஸ் அதையும் சொன்னான்.

லோயர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதை ஏன் முதலே சொல்லவில்லை, இது போதுமே என்றார். தேடி வந்தது உங்களைத்தானே, இது தம்பியின் கேஸ் இல்லை, உங்கள் கேஸ்தான் என்றார். ஒரு வருடமாக நான் பாடமாக்கியது எல்லாம் தேவையே இல்லாத பொய். எனக்கு அங்கேயே தலையை மேசையில் இடிக்க வேண்டும் போல இருந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கமுதல் றமேஸ் ஒன்று கேட்டான். "அக்காவுக்குத் தெரியுமோ?"

தெரியாது என்றேன்.

நவம்பர் 26

லோயர் சொன்னபடி றமேஸ் என்னை டொக்டரிடம் கொண்டுபோனான். கெவின் பட்டறையை விட்டு வந்து, எந்த நாள், எப்படி அடி பட்டது என்று இரண்டு பக்கம் எழுதிக் கையொப்பம் வைத்தான். மூளை இரண்டுதரம் குலுங்கியிருக்கிறது, ஞாபகம் தடுமாறும் என்று டொக்டரும் கடிதம் தந்தார். இனி அந்த விளையாட்டு வேண்டாம் என்று மூன்றுதரம் சொன்னார். மூன்றுதரமும் தலையாட்டினேன்.

1993 மே 2, ஞாயிறு

பனி முடிந்துவிட்டது. மைதானத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். சும்மா பார்க்கத்தான் போனேன். கெவின் ஊரில் இல்லை, தாய்க்குச் சுகமில்லை என்று அவுஸ்ரேலியா போயிருக்கிறான். மற்றவர்கள் கஸ், கஸ் என்று வந்து கட்டிப்பிடித்தார்கள். ஒருவன் பந்தைத் தந்தான்.

யூன் 12, சனி

கெவின் வந்து இறங்கிய கையோடு மைதானத்துக்கு வந்திருக்கிறான். நான் நிலத்தில் கிடந்தேன். இந்தமுறை தலையில் பட்டது ஒருவனின் முழங்கை. என் ஜேர்சியைத் தலைக்கு மேலால் உரித்து எடுத்தான், பிள்ளைக்கு உடுப்புக் கழற்றுகிற மாதிரி. உன்னைப் புதைப்பதற்கு நான் இந்த அணியைத் தொடங்கவில்லை என்று கத்தினான். அழுதான். மற்ற அணிக்காரரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெறும் மேலோடு பஸ்ஸில் வந்தேன்.

என் ஆட்டம் முடிந்தது. ஒரு வருடமும் கொஞ்ச நாளும்.

ஓகஸ்ட் 17

நீதிமன்றம் ஓம் என்றுவிட்டது. புதிதாக விசாரிப்பார்கள். றமேஸ் பாயாசம் வைத்தான், பாலை அடிப்பிடிக்க விட்டுவிட்டான்.

ஓகஸ்ட் 18

நீதிமன்றம் ஓம் என்றுவிட்டது. புதிதாக விசாரிப்பார்கள். றமேஸ் பாயாசம் வைத்தான்.

ஓகஸ்ட் 19

மேலே இரண்டுதரம் எழுதியிருக்கிறேன். இரண்டும் என் கையெழுத்துத்தான்.

செப்ரெம்பர் 30

யூஜினியின் கடிதம் வந்தது. ஊர்க் கோவிலின் மரணப் பதிவுப் பிரதியைப் பாதரிடம் வாங்கி வைத்து அனுப்பியிருக்கிறாள். லோயர் கேட்டபடி எல்லாவற்றையும் நான் யூஜினிக்கு எழுதியிருந்தேன். எழுதி முடிக்க ஒன்பது நாள் எடுத்தது.

அவளின் பதில் நாலு வரி: "பாதர் தந்த துண்டை வைச்சிருக்கிறன். கவனம். நீங்கள் எழுதினது எனக்கு அண்டைக்கே தெரியும். அது உங்கடை ஜேர்சி எண்டு எனக்குத் தெரியாதோ? தோய்ச்சுக் காயப்போட்டது நான்தானே. நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன், ரெண்டரை வருசம்."

ரெண்டரை வருசம். அவளுக்குப் பக்கத்தில் படுத்திருந்த நாட்களிலும் தெரிந்திருக்கிறது.

பதிவுத் துண்டில் அடக்கம் செய்த நாள் ஏப்ரில் 20 என்று இருக்கிறது. மார்ச் என்றுதான் நான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அடி பட முதலே பிழையாக வைத்திருந்தேனா, பிறகா? கேட்க ஆள் இல்லை. பொய்யின் தேதியை மறந்தது பரவாயில்லை. இதை எப்படி மறந்தேன்?

1994 மார்ச் 3, வியாழன்

வேறு அறை, வேறு இரண்டு பேர். மொழிபெயர்க்க அதே செல்வரட்ணம். தாள் ஒன்றும் பாடமாக்கவில்லை. தேதி கேட்டார்கள். எனக்குத் தெரியாது, கோவில் பதிவில் இருக்கிறது என்றேன். முதல் விசாரணையில் தம்பி இல்லை என்று ஏன் சொன்னீர் என்று கேட்டார்கள்.

"பயத்திலை. மைதானத்திலையும் பயத்திலைதான் சொல்லாமல் விட்டனான்."

செல்வரட்ணம் அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். வெளியே நிற்கச் சொன்னார்கள். இருபது நிமிசத்தில் கூப்பிட்டு, அங்கேயே ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார்கள்.

எனக்குச் சந்தோசம் வரவில்லை. றெஜியைச் சொல்லி வாங்கிய இடம் இது. அவன் செத்ததால் எனக்கு நாடு கிடைத்தது. படியில் இருந்து அழுதேன், றமேஸ் பக்கத்தில் வந்து இருந்தான். நவம்பருக்குப் பிறகு இன்றைக்குத்தான் என் தோளில் கை போட்டான். எந்த நவம்பர் என்று யோசித்துப் பார்த்தேன், தொண்ணூற்றிரண்டு.

மே 21

யூஜினியையும் மகளையும் கூப்பிட ஸ்பொன்சர் படிவம் போட்டாயிற்று. கெவின் தொலைபேசி எடுத்தான், ஆட்டம் பார்க்க வா என்று. போகவில்லை. போனால் பந்தைக் கேட்பேன்.

1995 பெப்ரவரி 9

வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள். மெசினை ஓடவிட்டுவிட்டு வெளியே போய் நின்றேனாம். றமேஸ் வீட்டுச் சாவியைக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் போட்டுவிட்டிருக்கிறான். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

ஓகஸ்ட் 25

விசா வந்துவிட்டது. யூஜினியும் மகளும் கொழும்பில் நிற்கிறார்கள். தொலைபேசியில் யூஜினியின் குரல் கேட்டது. மகள் கதைக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

ஒக்ரோபர் 15, ஞாயிறு

காலை பத்து மணி. யூஜினி சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று திறந்து திறந்து பார்க்கிறாள். மகள் மேசையில் எனக்கு முன்னால் இருந்து பால் குடிக்கிறாள், மேலுதட்டில் வெள்ளைக் கோடு. நேற்று நடந்ததை இப்போதே எழுத வேண்டும்.

விமானநிலையத்துக்கு றமேசும் நானும் இரண்டு மணி நேரம் முந்தியே போய்விட்டோம். கதவு திறக்கிற நேரமெல்லாம் எழும்பினேன். கடைசியில் வந்தார்கள். யூஜினி மெலிந்துபோய், யாரோ கொடுத்த பெரிய கோட்டோடு. மகள் அவளின் பின்னால் ஒளிந்துகொண்டு. நான்கு வருடம். ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன், யூஜினியின் தலையில் இன்னும் அதே எண்ணெய் மணம். எல்லாம் சரி. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

பெட்டி வண்டியை றமேஸ் வாங்கினான். நான் அவர்களுக்குப் பின்னால் கதவைப் பார்த்தேன். சனம் வந்துகொண்டே இருந்தது. சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"றெஜி எங்கை? பின்னாலை வாறானோ?"

றமேஸ் வண்டியைத் தள்ளாமல் நின்றுவிட்டான். யூஜினி என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் பிடித்த பிடியில்தான் எனக்கு விளங்கியது. கடற்கரை, ஏப்ரில் இருபது, எல்லாம் திரும்ப வந்தது. முதல்நாள் கேட்ட மாதிரியே வந்தது.

மகள்தான் தாயின் கோட்டுக்குப் பின்னால் இருந்து தலையை நீட்டினாள். என்னை அப்போதுதான் முதல்தரம் நேரே பார்த்தாள்.

"றெஜிச் சித்தப்பா செத்துப்போனார். நாங்கள் ஒவ்வொரு நாளும் செபத்திலை சொல்லுறனாங்கள். உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியும் என்றேன். அவள் பிறந்த பிறகு என்னோடு கதைத்த முதல் கதை அது.